வெள்ளைச் சுவரில் வெள்ளி எழுத்து

வீட்டில் அவளுக்கு 'அளவுகோல்' என்று பெயர். தம்பி வைத்தது. சுவரில் மாட்டிய படம் ஒரு நூல் சாய்ந்திருந்தால் போதும், சாப்பாட்டை விட்டு எழுந்துபோய் நேராக்கிவிட்டு வந்துதான் அடுத்த வாய் எடுப்பாள். அலமாரியில் டம்ளர்களை உயரவாரியாக அடுக்குவாள். அம்மா அவசரத்தில் ஒன்றை மாற்றி வைத்துவிட்டால் அன்று முழுக்க முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "இவளக் கட்டிக்கப்போறவன் நிமிந்து நிக்கக் கத்துக்கிட்டுத்தான் வரணும். கொஞ்சம் கூன் போட்டாலும் தட்டி நேராக்கிடுவா" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பாவுக்கு மட்டும் இதில் ஒரே பெருமை. அவர் ஊர்விட்டு ஊர் போகும் பஸ்ஸின் டிரைவர். "ரோட்டுல கோடு போடறவன் கோணலாப் போட்டான்னா நானெல்லாம் எந்தப் பள்ளத்துல கெடப்பேன்? நேரா இருக்கணும்னு நெனைக்கிறது நல்ல புத்திதான். அவள விடுங்க" என்பார். வண்டி முடிந்து வரும்போது மகளுக்கு வண்ணப் பென்சில் வாங்கி வருவார். மகனுக்கு மிட்டாய்.

அவருக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. யாரிடமும் வழி கேட்கமாட்டார். ஒருமுறை உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாடகைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். ஒரே தெருவில் திரும்பத் திரும்பச் சுற்றினார்கள். "இறங்கி ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வழி கேட்டு வண்டி ஓட்டினா அப்புறம் என்ன டிரைவர்?" என்றார் அவர். போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதையை அம்மா சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பள்ளி முடிந்ததும் அவள் வடிவமைப்புப் படிக்கப் போனாள். முதல் வகுப்பில் ஆளுக்கொரு வெள்ளைத் தாளும் வெட்டிய கருப்பு வட்டம் ஒன்றும் கொடுத்தார்கள். வட்டத்தை நடுவில் வைத்தால் தாள் தூங்குகிறது. ஓரத்துக்குத் தள்ளினால் விழப்போகிறதோ என்று பதைக்கிறது. கொஞ்சம் மேலே, கொஞ்சம் வலப்பக்கம் வைத்தால் தாள் முழுவதும் உயிர் பெற்றுவிடுகிறது. அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் தட்டை நகர்த்தி நகர்த்தி அம்மாவுக்குக் காட்டினாள். "தட்டு எங்க இருந்தா என்னடி, உள்ள சோறு இருந்தாச் சரி" என்றாள் அம்மா.

கோடு, வடிவம், நிறம், அளவு, வெற்றிடம் என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு இவற்றைச் சேர்க்கும் முறைகள்: சமநிலை, ஒழுங்கு, எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்ற முறை, ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மாறுபாடு. எல்லாவற்றிலும் தேர்ச்சி பெற்றாள். ஆனால் மனத்துக்குப் பிடித்தது வெற்றிடம்தான். ஒன்றும் இல்லாத இடம்தான் இருப்பதற்கு மதிப்புக் கொடுக்கிறது என்று அவள் உண்மையாகவே நம்பினாள். மாறுபாடு அவளுக்குக் கொஞ்சம் மாற்றாந்தாய்ப் பிள்ளை. அது கத்துகிறது, சந்தைக்கடை மாதிரி இருக்கிறது என்பாள்.

முதல் வேலை ஓர் அச்சகத்தில் கிடைத்தது. கடைக்காரர்கள் துண்டு விளம்பரம் போட வருவார்கள். அவள் அளந்து அளந்து ஒரு பக்கத்தை அமைத்துக் காட்டுவாள். வந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இங்க இவ்ளோ எடம் சும்மா கெடக்கே, கடை போன் நம்பர இன்னொரு தடவ போட்டுடுங்களேன்." போட்டால், "என் போட்டோ சின்னதா இருக்கே?" அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பெரிதாக்குவாள். மாலையில் வீட்டுக்கு வந்து புலம்புவாள். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவன் கடை, அவன் மூஞ்சி. விடும்மா. நாளைக்கு உன் இஷ்டத்துக்குச் செய்ய ஒரு வேலை வரும்" என்பார்.

அப்படி ஒரு வேலை வரப் பல வருடங்கள் ஆயின. அதற்குள் அவள் ஒரு பெரிய வடிவமைப்பு அலுவலகத்தில் மூத்தவள் ஆகிவிட்டாள். நகரத்தின் மறுகோடியில் தனியாக வீடு எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் ஒரு நாற்காலி கூட அநாவசியமாக இருக்காது. தம்பி கல்யாணம் செய்துகொண்டு அப்பா அம்மாவோடு இருந்தான். அப்பா ஓய்வு பெற்று டீக்கடையில் பழைய டிரைவர்களோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்.

வந்த வேலை ஒரு மருத்துவமனை. புதிதாகக் கட்டியது. மூன்று கட்டடங்கள், அவற்றைச் சேர்க்கும் நீளநீளமான நடைபாதைகள். அத்தனை வழிகாட்டிப் பலகைகளும் அவள் பொறுப்பு. பழைய மருத்துவமனைகளை அவள் போய்ப் பார்த்தாள். சிவப்பு அம்பு, பச்சை அம்பு, ஒட்டிய தாள், ஒட்டியதன்மேல் ஒட்டிய தாள். நோயோடு வருகிறவனை இந்தச் சுவர்களே பாதி கொன்றுவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. தன் மருத்துவமனையில் சுவர் அமைதியாக இருக்க வேண்டும். தந்த நிறச் சுவர். அதன்மேல் பலகையே கிடையாது. மெல்லிய வெள்ளி நிற உலோக எழுத்துகள், நேரே சுவரில். எல்லா எழுத்தும் கதவுக் கைப்பிடியின் உயரத்துக்கு ஒத்து, ஒரே கோட்டில். நடைபாதையில் நின்று பார்த்தால் அந்தக் கோடு கடைசிவரை ஓடும்.

மாதிரியைக் கூட்ட அறையில் மேசைமேல் வைத்துக் காட்டினாள். ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுந்தது. எழுத்துகள் மின்னின. மருத்துவமனை நிர்வாகி எழுந்து நின்று பார்த்தார். தலைமை நர்ஸ் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அழகா இருக்கும்மா. எழுத்து கொஞ்சம் மங்கலா தெரியுதே. வர்றவங்கள்ல பாதிப் பேரு வயசானவங்க."

"பழகிடும் மேடம். கத்துற போர்டு வெச்சா ஜனங்களுக்குப் பயம்தான் கூடும். இது காதோட பேசற மாதிரி சொல்லும்."

"காது கேக்காதவங்களும் வருவாங்களே" என்றார் தலைமை நர்ஸ். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மாதிரி ஒப்புதல் ஆனது.

திறப்பு நாளுக்கு அப்பா அம்மாவை அழைத்துப் போனாள். அம்மா நடைபாதையைப் பார்த்துவிட்டு, "தரையில முகம் தெரியுதுடி, இங்க எப்படி நடக்கிறது?" என்றாள். அப்பா ஒரு சுவரின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். "ரொம்ப சுத்தமா இருக்கும்மா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவருக்கு இதெல்லாம் அவ்வளவாகப் புரியாது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அந்த வேலைக்குப் பரிசு கிடைத்தது. வடிவமைப்புப் பத்திரிகை ஒன்றில் நடைபாதையின் படம் முழுப் பக்கத்துக்கு வந்தது. படத்தில் ஓர் ஆள் கூட இல்லை. அப்பா அந்தப் பத்திரிகையை டீக்கடைக்குக் கொண்டுபோய் எல்லா டிரைவர்களுக்கும் காட்டினார் என்று தம்பி சொன்னான். "பேப்பர்ல டீக்கறை பட்டுடுச்சுன்னு ஒருத்தரோட சண்டையே போட்டாராம்க்கா."

சில மாதங்கள் கழித்து அவள் ஏதோ வேலையாக மருத்துவமனைக்குப் போனபோது சுவர்களில் தாள்கள் முளைத்திருந்தன. கொட்டை எழுத்தில் 'எக்ஸ்ரே இந்தப் பக்கம்', அதற்கொரு கோணல் அம்பு. நிர்வாகியிடம் போய் முறையிட்டாள். அவர் சுற்றறிக்கை அனுப்பினார். அதற்குக்கூடக் காத்திருக்காமல் அவளே ஒரு நடைபாதையின் தாள்களை நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். பசையின் சுவடு போகவில்லை. அதுதான் அன்று அவளுக்கு இருந்த ஒரே வருத்தம்.

அம்மாவுக்கு இதய நோய் வந்தபோது அதே மருத்துவமனையில்தான் சேர்த்தார்கள். நல்ல மருத்துவர்கள் இருந்தார்கள். அவளுக்கு அங்கே எல்லோரையும் தெரியும். மூன்றாவது கட்டடத்தின் மேல்தளத்தில் அறை. அப்பா ராப்பகலாக அங்கேயே கிடந்தார், தனியாக வெளியே போனதே இல்லை.

ஒரு பிற்பகல். அம்மா கொஞ்சம் தெளிவாக இருந்தாள். தம்பி வந்ததும் அப்பா ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். போன் கட்டில் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. டீக்கடை வாசலுக்கு எதிரேதான். போய்க் குடித்து வர எத்தனை நேரமாகிவிடும் என்று அவர் போனை எடுக்கவில்லை.

அவர் போன சிறிது நேரத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. தம்பி நர்ஸைக் கூப்பிட்டான், அக்காவைக் கூப்பிட்டான். அவள் அலுவலகத்திலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது அம்மாவின் முகத்தில் குழாய் வைத்திருந்தார்கள். அம்மா அதை ஒதுக்கிவிட்டு, "அவர் எங்க?" என்றாள்.

"வர்றார்ம்மா. டீ குடிக்கப் போனார். இதோ வந்துடுவார்."

கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டாள். தம்பி அப்பாவின் போனுக்கு அடித்தான். அது கட்டில் பக்கத்திலேயே ஒலித்தது. அவன் அதை வெறித்துப் பார்த்தான். அப்புறம் அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. கதவைப் பார்த்தபடியேதான் போனாள்.

அப்பா வந்தபோது எல்லாம் முடிந்து நர்ஸ் விளக்கைத் தணித்துக்கொண்டிருந்தாள். அவருடைய சட்டை வேர்வையில் ஊறியிருந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி திரும்பிப் பார்த்தான்.

"டீ நல்லா இருந்துச்சாப்பா?"

அப்பாவின் வாய் திறந்து மூடியது. மகளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு வீட்டில் கூட்டம் கலைந்ததும் அவள் கேட்டாள். "எங்கதாம்ப்பா போனீங்க?"

"டீக்கடையிலதான். பேசிக்கிட்டிருந்ததுல நேரம் போனதே தெரியல."

"அம்மா உங்களக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

"ம்."

"எப்பவுமே இப்படித்தான். வண்டி ஓட்டினப்பவும் ஒருநாள் நேரத்துக்கு வீட்டுக்கு வந்ததில்ல. கடைசிக்கும் அப்படியேதானா?"

அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். சொல்லி முடித்ததும் அவளுக்குச் சற்று நிம்மதியாகக்கூட இருந்தது. துக்கத்தைச் சுமத்த ஓர் ஆள் கிடைத்துவிட்டால் துக்கம் கொஞ்சம் லேசாகத்தான் தெரியும்.

அதன்பின் ஒரே வீட்டுக்குள் அப்பனும் மகனும் அந்நியர்கள் ஆனார்கள். சாப்பாடு மேசைக்கு வரும். "சாப்பிடச் சொல்லு" என்று தம்பி மனைவியிடம் சொல்வான், அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும். மகள் வாரக்கடைசியில் போய்வருவாள். அப்பாவுக்குச் சட்டை, மருந்து எல்லாம் வாங்கித் தருவாள். முறை செய்கிறோம் என்பது இருவருக்குமே தெரியும். அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

இப்படியே வருடங்கள் ஓடின. ஒருநாள் அப்பா கொதிக்கிற பாத்திரத்தை அடுப்பில் வைப்பதாக நினைத்து அந்தரத்தில் வைத்துவிட்டார். நல்லவேளை, காலில் கொஞ்சம்தான் பட்டது. மகள் அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். விளக்கைப் பாய்ச்சிப் பார்த்த மருத்துவர் அவளிடம் கடுமையாகவே பேசினார். "ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப்போயிருக்கு. இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல, ரொம்ப வருஷமாவே இருந்திருக்கும். வீட்டுல யாருமே கவனிக்கலியா?"

"ஏம்ப்பா சொல்லல?"

"வயசானா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். டிரைவருக்குக் கண்ணு போச்சுன்னா ஊர் சிரிக்காதா?"

கண் பிரிவும் அந்த மருத்துவமனையில்தான் இருந்தது. ஒரு கண்ணுக்கு அறுவை செய்து, கொஞ்சநாள் கழித்து அடுத்ததையும் செய்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கடைசியாகக் காட்டிவிட்டுத் திரும்பும்போது இருவரும் மூன்றாவது கட்டடத்தை ஒட்டிய நடைபாதை வழியாக நடந்தார்கள். அப்பா சிறுபிள்ளை மாதிரி இருபுறமும் பார்த்துக்கொண்டு வந்தார். தீயணைப்புக் குழாயின்மேல் எழுதியிருந்ததைப் படித்தார். யாரோ ஒருவர் சட்டையில் இருந்த கம்பெனிப் பெயரைப் படித்தார். பிறகு சுவரின் அருகே போய் நின்றார். விரலால் ஒரு வெள்ளி எழுத்தைத் தொட்டார்.

"இதய... நோய்... பிரிவு" என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல, "ஓ. இங்க எழுதியிருக்கா" என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கை சட்டென்று இறுகியதை உணர்ந்தாள். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவர்போல அவர் அவளை நடக்கும்படி இழுத்தார்.

"அப்பா, நில்லுங்க. அன்னிக்கு நீங்க இந்தப் பக்கம்தான் வந்தீங்களா?"

"என்னிக்கு? நட, பஸ் போயிடும்."

"அம்மா போன அன்னிக்கு."

"அன்னிக்கு நான் டீக்கடையில இருந்தேன். சொன்னேன்ல."

எதிரே தள்ளுவண்டியில் வாளியோடு ஒரு துப்புரவுக்கார அம்மாள் வந்துகொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். "ஐயா, நல்லா இருக்கீங்களா? என்னைத் தெரியுதா?" என்றார். அப்பா தெரியாது என்பதுபோல் தலையசைத்தார்.

"எப்படித் தெரியும், அன்னிக்கு நீங்க என்னையா பாத்தீங்க" என்று அந்த அம்மாள் அவள் பக்கம் திரும்பினார். "மகளா? பாவம்மா உங்கப்பா. இந்தக் கட்டடத்துக்கும் அந்தக் கட்டடத்துக்குமா நடந்து நடந்து ஆளு ஓஞ்சுபோய், செவுத்தத் தடவிக்கிட்டு நின்னாரு. எங்க போகணும்னு நான் கேட்டதுக்கு முதல்ல சொல்லவே இல்ல. அப்புறம் அழுதுட்டாரு. கையப் புடிச்சு நான்தான் கொண்டாந்து விட்டேன். உள்ள அழுகைச் சத்தம் கேட்டுச்சு. நான் அப்படியே திரும்பிட்டேன்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு விளங்கியது: வேர்வையில் நனைந்த சட்டை, திறந்து மூடிய வாய், திறப்பு நாளில் அவர் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பு. தந்த நிறத்தின்மேல் வெள்ளி. புரை விழுந்த கண்ணுக்கு அங்கே எழுத்தே கிடையாது. கோணலோ மாணலோ, அந்தத் தாள்கள் இருந்திருந்தால் அவர் வந்து சேர்ந்திருப்பார். அவற்றை அவள் தன் நகத்தால் சுரண்டியிருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது கேட்டாள். "ஏம்ப்பா எங்ககிட்ட சொல்லல?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "என்னன்னு சொல்லச் சொல்ற? உன் போர்டு தெரியலன்னா? அதுக்குத்தான் உனக்கு மெடல் குடுத்தாங்க."

"அதுக்காக, தம்பி உங்கள அப்படிப் பேசினப்பவுமா?"

"அவன் என்னைத்தான பேசினான். உன்னப் பேசலயே."

அவள் அழுதாள். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "சும்மா இரும்மா, அடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்னு நெனைக்கப் போறாங்க" என்றார் அப்பா.

அன்று மாலையே தம்பியிடம் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, நர்ஸ் எச்சரித்ததையும், தான் தாள்களைக் கிழித்ததையும்கூடச் சொன்னாள். அவன் கேட்டு முடித்துவிட்டு எழுந்து அப்பாவின் அறைக்குள் போனான். கதவைச் சாத்திக்கொண்டான். வெகுநேரம் கழித்து வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது.

"என்ன சொன்னார்?"

"டிவி சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைன்னார்."

மறுவாரம் அவள் மருத்துவமனை நிர்வாகியைப் பார்க்கப் போனாள். பலகைகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றாள். அவர் விநோதமாகப் பார்த்தார். "பரிசு வாங்கின வேலை. இதுவரைக்கும் போர்டு பத்தி ஒரு புகார்கூட வந்ததில்லியே?"

"படிக்க முடியலன்னு யாருங்க எழுதிக் குடுப்பாங்க? தன் கண்ணுதான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. எங்கப்பா அப்படித்தான் போனார்."

நிர்வாகி உடனே சம்மதிக்கவில்லை. யோசிக்கலாம், அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று இழுத்தடித்தார். தலைமை நர்ஸ் ஓய்வு பெறப்போகும் சமயம் அது. அவர்தான் கூட்டத்தில் ஒரே பிடிவாதமாக நின்றார். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லாததே அவளுக்கு அதிகம் சுட்டது. ஒவ்வொரு கட்டடமாக மாற்ற அனுமதி கிடைத்தது.

இம்முறை அவள் மாதிரியைக் கூட்ட அறைக்குக் கொண்டுபோகவில்லை. புறநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தின் கடைசியில் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுகோடியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். முதல் மாதிரியைப் பாதிப்பேரால் படிக்க முடியவில்லை. எழுத்தைத் தடியாக்கினாள். வெளிர் சுவரை விட்டுவிட்டுக் கருநீலப் பட்டையின்மேல் வெள்ளை எழுத்து வைத்தாள். மூன்று கட்டடங்களும் ஒரே சாயலில் இருந்ததுதான் பெரிய தொல்லை என்று தெரிந்தது. ஒன்றின் தூண்களுக்கு மஞ்சள், ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்குச் செங்கல் நிறம். பாதைகள் பிரியும் இடத்திலெல்லாம் கூரையிலிருந்து பெரிய பலகை தொங்கியது. ஒரு முதியவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கண்ணாடியே வேணாம்மா, பக்கத்து ஊர்லேருந்துகூடப் படிக்கலாம் போலிருக்கு" என்றார். அதைப் பாராட்டு என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

அவள் அலுவலகத்தில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. "ரயில்வே ஸ்டேஷன் மாதிரி ஆக்கிட்டியே" என்றார் கூட வேலை செய்தவர். எந்தப் பத்திரிகையும் படம் போடவில்லை. உண்மையில் அவளுக்கும் அது அழகாகத் தெரியவில்லை. அந்த வெள்ளிக் கோடு ஓடிய நடைபாதைதான் இன்னும் அழகு என்று அவள் கண் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படிச் சொல்லும் தன் கண்ணின்மேல் அவளுக்கு வெறுப்பு வந்தது.

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டு போவாள். வாய் எடுத்தாலே அவர் பேச்சை மாற்றிவிடுவார். ஒருநாள் விடவில்லை. எதிரில் உட்கார்ந்து, "அப்பா, நான் உங்களப் பேசினதெல்லாம் தப்பு. அந்த போர்டும் தப்பு" என்றாள்.

"போர்ட விடு. நான் ஒருத்தன்கிட்ட வாயத் தொறந்து கேட்டிருக்கலாம். எத்தனையோ பேரு எதிர்ல வந்தாங்க. டாக்டரு, நர்ஸு எல்லாம் போனாங்க. எம்பொண்ணு எழுதி வெச்ச இடத்துல நான் போய் வழி கேக்கிறதான்னு ஒரு இது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா..." என்று நிறுத்தினார். "உங்கம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டாளே, கேளுங்க கேளுங்கன்னு."

அதற்குமேல் அவர் அதைப்பற்றிப் பேசியதில்லை.

அப்பாவும் தம்பியும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். மழை வருமா, கரண்ட் பில் கட்டியாச்சா, அவ்வளவுதான். நடுவில் போன வருடங்களில் பேசுவதற்கான பழக்கமே விட்டுப்போயிருந்தது. தம்பி அவர் அருகில் உட்கார்வான், எதையாவது கேட்க நினைப்பான், பிறகு போனை எடுத்துப் பார்ப்பான். அப்பாவும் அவன் உட்கார்ந்திருக்கும்வரை எழுந்து போகமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பியோடு மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கட்டடத்தின் பலகைகளும் மாறிவிட்டன என்று சொன்னாள். இனி அங்கே யாரும் வழி தவறமாட்டார்கள் என்றாள்.

தம்பி ஒரு போர்வையை மடித்துக்கொண்டே கேட்டான். "அக்கா, ஒண்ணு கேக்கவா? அன்னிக்கு அம்மா அப்பாவக் கேட்டாங்கல்ல. நானும் இருந்தேன், நீயும் வந்துட்ட. போன் அடிச்சோம், கோவப்பட்டோம். ஒருத்தராவது எழுந்துபோய்த் தேடினோமா?"

அவள் கையில் அப்பாவின் சட்டை இருந்தது.

"நடைபாதையில எட்டிப் பாத்திருந்தாக்கூட இருந்திருப்பார்க்கா" என்றான்.

அவள் அந்தச் சட்டையை மடித்து வைத்தாள். இருவரும் மிச்சத் துணிகளையும் எடுத்து, மடித்து, கீழே இறங்கினார்கள். கூடத்தில் அப்பா நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். தம்பி மின்விசிறியைக் குறைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவர் விழிக்கட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.